பிந்திப் போன நண்டுப் பெட்டிகள்

இல்லை மகளே, வராதே. வேலையை விட்டுவிட்டு வந்து வாடியில் நண்டு கட்டட்டா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு என் பதில் இதுதான். மூன்று கிழமையாக உன் போனை எடுக்காமல் இருந்தவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று உனக்குச் சிரிப்பு வரலாம், கோபமும் வரலாம். இரண்டும் நியாயம். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏசவில்லை. இங்கே வாடிக் கொட்டிலுக்குள் பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அங்கே எங்கள் லொறி ஓட்டுகிற நிசாம் நானாவின் போன் ஸ்பீக்கரில் இருந்தபடியால் உன் கவுண்டரில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஊர் கேட்க ஏசிவிட்டு, உன் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்பது கள்ளத்தனம். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இரண்டு பிரதி. ஒன்றை வாடிக் கதவில் ஒட்டப்போகிறேன். மற்றது உன் கைக்கு வரும். வாசிக்கிற ஆட்கள் வாசிக்கட்டும்.

நீ உயர்தரம் படிக்கும்போது எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? விமானப் போக்குவரத்து வளர்முக நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்கு எப்படி உதவுகிறது என்று. பாலத்தடி வாடியில் நான் பெட்டிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வாசித்துக் காட்டினாய். ஏற்றுமதி, வேலைவாய்ப்பு, சுற்றுலா, அந்நியச் செலாவணி என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, நண்டு எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே" என்றேன். நீ முறைத்தாய். "அப்பா, இது சோதினைக்கு எழுதிறது. நண்டைப் போட்டால் புள்ளி வராது" என்றாய். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். அதற்கு மேல் வாதாட எனக்கு வாய் வரவில்லை. இப்போது அந்தக் கட்டுரைக்கு என் பங்கை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். புள்ளி வேண்டாம்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் விமானம் எங்களை ஓட வைத்தது. சத்தம் கேட்டதும் என் அம்மா என்னைத் தூக்கிப் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழிக்குள் போட்டுவிட்டு மேலே கவிழ்ந்து படுத்துக்கொள்வார். விமானம் என்றால் அண்ணாந்து பார்க்கும் சாமான் இல்லை, தலையைக் குனிய வைக்கும் சாமான். பிறகு தோணியில் இராமேஸ்வரம், அங்கிருந்து முகாம். அந்த முகாமில்தான் வளர்ந்தேன், படிப்பை விட்டேன், சுவருக்குப் பெயின்ற் அடித்தேன், பத்தொன்பது வயதில் உனக்கு அப்பாவானேன். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது திருச்சியில் விமானம் ஏற்றி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கூப்பிடு தூரத்துக் கடலைக் கடந்து போன சனம், வானத்தால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் குலுங்கி மன்னாருக்கு வந்து சேர்ந்தது. மேலே இருந்து மன்னார்த் தீவைப் பார்த்தேன் என்று இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். யன்னலால் பார்த்தது நீ. "அப்பா, கடல் அசையாமல் நிக்குது" என்று நீ சொன்னதைத்தான் நான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது சேற்று நண்டுக்கு இங்கே பெரிய மதிப்பு இல்லை. கண்டல் மரங்கள் பக்கம் வலை போட்டால் வந்து மாட்டி, வலையைக் கடித்துக் கிழித்துவிடும். பிடித்தவன் கோபத்தில் கட்டையால் அடித்துக் கறிக்குக் கொண்டுபோவான். மிஞ்சினது பக்கத்து வீட்டுக்கு. அப்போதுதான் கொழும்பு முதலாளி ஒருவர் வந்து, இந்த நண்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் போகும், கால் ஒன்றும் கழலாமல் கட்டிப் பெட்டியில் போட்டுத் தாருங்கள் என்றார். நாங்கள் சிரித்தோம். மன்னாரில் இருந்து கொழும்புக்குப் போகவே மனிசனுக்கு உயிர் போகிறது, நண்டு எப்படிச் சிங்கப்பூர் போகும்?

நான் அவசரக்காரன், உடனே தொடங்கினேன். முதல் பெட்டிகளை நானே அடுக்கினேன். முதலாளி தந்த ஒரு தாள் இருந்தது. வாசிக்கப் பொறுமை இல்லை. கடல் சீவன்தானே, தண்ணீர் இல்லாமல் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நல்ல கடல்தண்ணீராகப் பார்த்து ஊற்றி மூடினேன். புத்தளம் தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. லொறி திரும்பி வந்த அன்று ஊர் முழுக்கக் கூடி நின்றது. அப்போது உனக்கு எட்டு வயது. பெட்டி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, மேல கிடந்ததுதான் உயிரோட இருக்கு. தண்ணிக்குள்ள கிடந்ததெல்லாம் செத்துப்போச்சு" என்றாய். பிறகுதான் தாளை எடுத்து வாசித்தேன். மூடின பெட்டியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் நண்டுக்கு மூச்சு முட்டும், ஈரச் சாக்கும் காற்றும் போதும் என்று எழுதியிருந்தது. கடலில் பிறந்ததைக் கடல்தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றவன் மன்னாரில் நான் ஒருவன்தான். நிசாம் நானா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். "தம்பி, நீ மீனைக் குளிரில சாகாமல் போர்வையால மூடுறவன்" என்பார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உன் கட்டுரையில் இருக்கிற சொற்களால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நண்டு கட்டப் பெண்கள் வந்தார்கள். காலால் நண்டை அமத்திப் பிடித்து, கயிற்றை முன்னங்கால் இரண்டிலும் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சுப் போடப் பழகினார்கள். புருசன் போன இடம் தெரியாமல் இருந்தவர்கள் அதில் நாலு பேர். முன்பு அவர்கள் யார் வீட்டு வாசலிலோ நின்று வேலை கேட்பார்கள். இப்போது நான் இரண்டு நாள் வாடியைத் திறக்காவிட்டால் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசுகிறார்கள். கயிறு விற்கிறவன், சாக்கு விற்கிறவன், பெட்டி கொண்டுவருகிறவன், லொறி ரயர் மாற்றுகிறவன் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அலுவல் வந்தது. நண்டு பிடிக்கிற மெற்றில்டா அக்கா தன் பெயரில் தோணி வாங்கினார். வெள்ளாங்குளத்தில் இருந்துகூட நண்டு கொண்டுவந்தார்கள். இங்கே விமான நிலையம் இல்லை. வானத்தில் போகிற விமானம் எங்களுக்காகத் தரித்ததும் இல்லை. ஆனாலும் அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை வைத்துத்தான் இங்கே சனம் சோறு ஆக்கியது.

அது எவ்வளவு உண்மை என்று விமானங்கள் நின்றுபோன நோய்க் காலத்தில் தெரிந்தது. நண்டு இருந்தது, பிடிக்க ஆள் இருந்தது, கட்டக் கை இருந்தது. போக வழி இல்லை. சிங்கப்பூர்க்காரன் விருந்துக்குத் தின்னுகிற நண்டை நாங்கள் காலையும் மாலையும் தின்றோம். ஒருநாள் நீ கோப்பையைத் தள்ளிவிட்டு, "அப்பா, ஒரு பருப்புக்கறி கிடைக்காதா?" என்று அழுதாய். உன் அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு வாடிக்குப் போய்த் தனியாக இருந்தேன். ஒரு கதவு பூட்டினால் ஒரு ஊரே கைகட்டி இருக்கும் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கதவு திரும்பத் திறந்ததும் மறந்துவிட்டேன்.

பிறகு உனக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. சரக்கு ஏற்கும் கவுண்டர். பெட்டியைத் தராசில் நிறுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, நேரத்தைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை. ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். நீ பஸ் ஏறிய அன்று வாடியில் எல்லாருக்கும் சோடா உடைத்தேன். மேசையில் தட்டி, "இனி எங்கட ஆள் உள்ளுக்கு இருக்கு!" என்றேன். எங்கள் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். அரசாங்கக் கந்தோருக்குப் போகுமுன் யார் அங்கே இருக்கிறார்கள், யாருக்குச் சொந்தம் என்றுதான் முதலில் விசாரிப்போம். உள்ளே ஆள் இல்லாதவன் வரிசையில் நிற்பான், ஆள் இருக்கிறவன் பக்கக் கதவால் போவான். எத்தனை காலம் நாங்கள் வரிசையில் நின்றோம்! இனி எங்களுக்கும் பக்கக் கதவு என்று நினைத்தேன். பத்து மணிக்குக் கிளம்புகிற லொறி பத்து பத்துக்குக் கிளம்பியது. பிறகு பத்தரை. "அவசரமில்லை, பிள்ளை பாத்துக்கொள்ளும்" என்று நானே சொன்னேன். பெட்டியைத் தண்ணீரால் நிரப்பியவன் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். தண்ணீருக்குப் பதிலாக உன்னை ஊற்றினேன்.

அன்றைக்கு மெற்றில்டா அக்காவின் தோணி வரவில்லை. நிசாம் நானா லொறியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "தம்பி, இப்ப வெளிக்கிட்டால்தான் சரி. மதவாச்சியில ரோட்டுப் போடுறாங்கள்" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தேன். அக்காவின் மூன்று பெட்டியும் ஏறியது. மீதி உனக்குத் தெரியும். நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. நீ பெட்டிகளை ஏற்கவில்லை.

நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். "உன்னைப் படிப்பிச்சது எங்கட முகத்தில கதவைச் சாத்தவோ?" என்று கேட்டேன். "நீ மன்னார்ப் பிள்ளையோ, இல்லை அவங்கட ஆளோ?" என்று கேட்டேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"நேரம் முடிஞ்சுது அப்பா. நாளைக்கு முதல் ஆளா எடுக்கிறன்."

"நாளைக்கு நண்டு சாகும்."

"ஓம் அப்பா. தெரியும்."

அதற்குப் பிறகும் நான் ஏசினேன். நீ போனை வைக்கவில்லை. கடைசியில் வைத்தது நான்தான்.

பதினெட்டுப் பெட்டியில் பாதி செத்தது. மெற்றில்டா அக்காவிடம் போய், என் மகள் இப்படிச் செய்துவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலை நிறுத்தவே இல்லை.

"ஆர் உன்னை என்ர நண்டுக்குக் காத்து நிக்கச் சொன்னது?"

"அக்கா, உங்கட மூண்டு பெட்டி..."

"மூண்டு பெட்டிக்காகப் பதினஞ்சு பெட்டியைப் பிந்த வைச்சவன் நீ. பிள்ளையின்ர பேரைச் சொல்லாதை. நீ நிப்பாய் எண்டு தெரிஞ்சபடியால்தான் நான் இன்னொரு நண்டுக்கூடு பாக்கப் போனனான். விட்டிட்டுப் போற ஆளெண்டால் நான் ஏன் பிந்துறன்?"

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். ஆனாலும் உனக்குப் போன் எடுக்கவில்லை. ரோசம். போன கிழமை லொறியில் நானும் ஏறி வந்தேன். இது உனக்குத் தெரியாது. நானா உள்ளே போய்ச் சரக்குக் கடுதாசி கொடுத்துவிட்டு வந்தார். நான் வெளியே வரிசையில், லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் நீ நின்றாய். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட முகம் இல்லை. முன்னால் ஒருவர் வெற்றிலைப் பெட்டிகளோடு நின்றார். சிங்கள ஆள், குருநாகல் பக்கம். கொழும்பில் தமிழ்க் கடையில் வேலை செய்து தமிழ் பழகினவராம்.

"மன்னார்தானே? நண்டு?" என்றார்.

"ஓம்."

"நண்டு பரவாயில்ல மாத்தயா, கோவம் வந்தா கடிக்கும். வெத்தில கடிக்காது. சும்மா கறுத்துப் போகும்." அவரே சிரித்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பிள்ள நல்ல பிள்ள. முந்தி ஆள் தெரிஞ்சவன் பிந்தி வந்தாலும் முன்னுக்குப் போவான். பிளேன்ல இடம் கொஞ்சம்தானே? அவன்ட பெட்டி ஏறினா என்ட பெட்டி நிக்கும். ரெண்டு தரம் அப்பிடி நிண்டது. முழுக்க மாட்டுக்குப் போட்டன்."

நானும் நிசாம் நானாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அண்டைக்கு அவட அப்பாட பெட்டியே பிந்தி வந்தது. போன்ல என்ன சத்தம்! எங்க எல்லாருக்கும் கேட்டது. பிள்ள ஒரு கையால கண்ணத் துடைக்கிது, மத்தக் கையால என்ட பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுது. அண்டைக்கு என்ட வெத்தில போனது." என் பக்கம் திரும்பி, "உங்கட ஊர்தானே, அந்த அப்பாவத் தெரியுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நானா சொன்னார்: "தெரியும். வாய் பெரிசு. வாசிக்கத் தெரியும், ஆனால் தாளைக் கடைசியாத்தான் வாசிப்பார்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். பதினெட்டுப் பெட்டியை நான் எண்ணினேன். அவை ஏறியிருந்தால் இறக்கப்பட்டிருக்கும் பதினெட்டுப் பெட்டியை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மனிசனின் ஊரிலும் வெற்றிலை அடுக்குகிற பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் உள்ளே ஆள் இல்லை. உன் கட்டுரையில் விட்டுப்போன விசயம் நண்டு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதில் விட்டுப்போனது நீ. விமானம் தன்பாட்டில் வரும், போகும். யாருடைய பெட்டி ஏறும் என்பதைக் கதவில் நிற்கிற ஒருத்தர்தான் முடிவு செய்கிறார். அந்த ஆள் முகம் பார்க்கிறவராக இருந்தால், எத்தனை விமானம் வந்தாலும் வசதி உள்ளவனுக்குத்தான் வசதி. எங்களைப் போல ஊர்களுக்குக் கிடைப்பது மாட்டுக்குப் போட்ட வெற்றிலைதான்.

அதற்காக விமானத்தைக் கும்பிடவும் சொல்லவில்லை. அது வேகமாகக் கொண்டுபோவதால் நாங்களும் வேகமாகப் பிடிக்கிறோம். சினைநண்டைக்கூடச் சிலர் கூட்டத்தோடு கூட்டமாகக் கட்டிவிடுகிறார்கள். நானும் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். போன கிழமையில் இருந்து விடுவதில்லை. நீ அங்கே கதவில் நிற்கலாம் என்றால் நான் இங்கே ஒரு கூடைக்குப் பக்கத்தில் நிற்க முடியாதா? மெற்றில்டா அக்கா முதல் நாள் ஏசினார். இரண்டாம் நாள், "மகளிட்டப் படிச்சனியோ?" என்றார். ஓம் என்றேன்.

நண்டைப் பலமாக இழுத்தால் அது தன் காலையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இழுத்தவன் கையில் கால் மட்டும் இருக்கும். இதை வாடிக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நீ வேலையை விட்டு வரட்டா என்று கேட்டதை வாசித்தபோது, என் கையில் இருந்தது அந்தக் கால்தான். அதை வாங்கமாட்டேன். அங்கேயே நில். கூட வேலை செய்கிறவர்கள் உன்னை நண்டு என்று பட்டம் தெளித்துக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். தெளிக்கட்டும். பிந்தி வருகிறவன் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பு, மந்திரியின் பெட்டியாக இருந்தாலும். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடு. நிரந்தரமாக்கினால் ஒரு சோடா உடைப்போம், மேசையில் தட்டமாட்டேன்.

இன்றைக்கு உனக்குப் பின்னேர வேலை என்று அம்மா சொன்னா. லொறியில் நானும் வருகிறேன். இந்தமுறை வெளியே நிற்கமாட்டேன். இந்தக் கடிதத்தைக் கடுதாசிகளோடு சேர்த்து நானே கவுண்டரில் தருவேன். நேரத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார். மன்னித்துக்கொள் பிள்ளை. இதை எழுத மூன்று கிழமை எடுத்தது.

நிசாம் நானா ஹோர்ன் அடிக்கிறார். பத்து மணி. மெற்றில்டா அக்காவின் தோணி பாலத்துக்கு அந்தப் பக்கம் வருவது தெரிகிறது. அவர் கையைக் காட்டுகிறார். நானும் கையைக் காட்டிவிட்டேன். லொறிக் கதவைச் சாத்தியாயிற்று. நான் போகவேண்டும்.